சங்கு ஊதியபின் இரண்டு விநாடி

எங்கள் எஸ்டேட்டில் மாதா திருவிழாச் சப்பரம் கோயில் மணிக்குக் கிளம்பாது. தேயிலை ஃபேக்டரியின் சங்கு ஊத வேண்டும். தினமும் காலையில் எங்களை வேலைக்குக் கூப்பிடும் அதே சங்குதான். திருவிழாவன்று மாலையில் அது ஒரே ஒரு முறை நீளமாக ஊதும். ஃபேக்டரி முற்றத்தில் காத்து நிற்கும் எட்டுப் பேரும் அந்தச் சத்தத்தில் ஒரே மூச்சாகச் சப்பரத்தைத் தோளுக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து, எதிர்மேட்டில் இருக்கும் மாதா கோயிலுக்குச் சப்பரம் போய்ச் சேரும்.

அந்த எட்டுப் பேரில் என் அப்பா ஒருவர். முன்தண்டில் வலது பக்கம் அவர் இடம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது அவர் வேலை. வருடம் முழுக்கக் கத்தி வீசிய தோள் அது. தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயன் வீடுகளில் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பது ஒரு பட்டம் மாதிரி. நோயில் படுத்தாலோ வீட்டில் சாவு விழுந்தாலோ அந்த இடம் காத்திருக்கும். சும்மா ஒரு வருடம் விட்டால் காத்திருக்காது, வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இதுவரை யாரும் மீறியதில்லை.

போன வருடத் திருவிழாவில் அப்பா தோள் கொடுக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டதற்காகக் கோயில் படிக்கட்டின் பக்கத்தில் ஒரு கேமராவுக்குக் காவல் நின்றார்.

அவர் இடம் போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது என்று எழுதத்தான் கை போகிறது. தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதுவும் படம் வரைவதைப் போல. கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு அதுவும் இல்லை. தேவிகுளத்தில் ஏதாவது அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தால் ஏழாம் வகுப்பிலிருந்தே நான்தான் கூடப் போவேன். மலையாளத்தில் இருக்கும் விண்ணப்பத்தை நான் நிரப்புவேன், அவர்கள் இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் நிற்பார்கள். அப்போது எனக்குள் ஒரு உயரம் வந்துவிடும். அந்த உயரம் பிறகு குறையவே இல்லை. அதை நான் வெகு நாள் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி எருத்தேன்பதிக்காரர். தென்னந்தோப்பும் மாடும் வைத்திருந்த குடும்பம். அவர் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரையும் மரியாதையாகக் கூப்பிடுவார், என்னை 'அம்மிணி' என்பார்.

என் வேலையைத் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்வேன். ஒரு கல்யாணத்தை மூன்று கேமராவில் எடுப்பார்கள். ஒன்று மாப்பிள்ளை பக்கம், ஒன்று பெண் பக்கம், ஒன்று மண்டபத்தின் கடைசியில். ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஓடும். மூன்றையும் எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரே கணம் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நிறுத்த வேண்டும். அதைத்தான் சிங்க் செய்வது என்கிறோம். அது சரியாக இருந்தால் எந்தக் கேமராவிலிருந்து எந்தக் கேமராவுக்குத் தாவினாலும் பார்க்கிறவருக்குத் தெரியாது. தவறினால் தாலி இரண்டு முறை ஏறும்.

நேர்கோடு பிடிக்க ஒரு சத்தம் தேவை. முதலாளி எப்போதும் எல்லாக் கேமராக்களையும் ஓடவிட்டு, நடுவில் நின்று ஒரு தடவை ஓங்கிக் கை தட்டுவார். சத்தத்தைத் திரையில் கோடாகப் பார்க்கும்போது அந்தத் தட்டு ஒரு முள்ளைப் போல மேலே நிற்கும். மூன்று முட்களையும் நேராக வைத்தால் வேலை முடிந்தது.

எங்கள் திருவிழாவை மூன்று கேமராவில் எடுக்கிறேன் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஒண்ணு கீழ ஃபேக்டரில, ஒண்ணு மேல கோயில்ல, ஒண்ணு உங்க கையில. எங்க நின்னு கை தட்டுவீங்க அம்மிணி?"

"கை தட்ட வேண்டாங்க சார். ஃபேக்டரிச் சங்கு இருக்கு. ஊதுனா மலை முழுக்கக் கேக்கும். மூணுலயும் பதிஞ்சிரும்."

அவர் அலமாரியைத் திறந்தார். "நல்ல ரோசனையாத்தான் இருக்குது" என்று கேமராக்களை எடுத்துக் கொடுத்தார்.

என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. பஸ்ஸில் ஊர் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

என்னோடு வருவதாக இருந்த கேமராமேன் கடைசி நேரத்தில் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஃபேக்டரி முற்றத்துக் கேமராவைக் கிடங்கின் ஜன்னலுக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். சப்பரத்தோடு நடக்கும் கேமரா என் கையில். கோயில் பக்கத்துக் கேமராவுக்குத்தான் ஒரு ஆள் வேண்டும். கூட்டம் முட்டும், குரங்கு வரும். யாரையாவது கேட்டிருக்கலாம். அப்பாவைக் கேட்டேன், ஏனென்றால் அப்பா நான் சொல்வதை அப்படியே கேட்பார்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவுக தோளு என்னாகும்?"

"ஒரு வருசந்தானம்மா."

"ஒரு வருசம் விட்டா அவ்வளவுதான். கீழ் லயன்காரன் எப்படா கெடைக்கும்னு நிக்கான்."

அப்பா தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாப்பா எடுக்குற படத்த ஊரே பாக்கும். தோளு கெடக்கு, விடு."

திருவிழாவன்று நான் முதலில் மேலே ஏறி, கோயில் படிக்கட்டின் பக்கம் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவை ஓடவிட்டேன். கீழே ஃபேக்டரி முற்றமும் ஓரத்தில் தெரியும்படி வைத்தேன். அப்பா வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். சுற்றிலும் எங்கள் லயன் ஆட்கள்.

"அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க. இதத் தொடவே கூடாது. ஒரு விரல் பட்டாலும் எல்லாம் போச்சு. புரியுதா?"

"சரி தாயி."

"என்ன புரிஞ்சுது, சொல்லுங்க பாப்போம்."

"தொடக் கூடாது."

பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஐம்பத்து மூன்று வயது மனிதரைப் பாடம் ஒப்பிக்க வைத்துவிட்டு நான் கீழே ஓடினேன். சங்கு ஊதியது. முன்தண்டின் வலது பக்கம் கீழ் லயன் அண்ணன் தோள் கொடுத்தார். நான் என் கேமராவோடு நடந்தேன்.

நான்கே நாளில் எடிட் செய்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் போட்டுக் காட்டுவதாக ஃபாதரிடம் சொல்லியிருந்தேன். மூன்று கேமராவின் சத்தக் கோட்டிலும் சங்கு எழும்பும் இடம் மேடு போலத் தெளிவாக இருந்தது. மூன்று மேடுகளையும் நேராக நிறுத்தினேன். வேறு எதையும் சரிபார்க்கவில்லை. முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் என் கையில் இருந்த கேமராதான், அழகாக வந்திருந்தது. சப்பரம் கோயிலுக்கு வந்து சேர்ந்து, படிக்கட்டின் கீழ் பேண்டு வாசித்து, பாட்டுப் பாடி முடிக்கும் கடைசிப் பகுதியில்தான் கோயில் கேமராவுக்கும் என் கேமராவுக்கும் மாறி மாறித் தாவியிருந்தேன். சத்தம் முழுக்க என் கேமராவுடையது. அந்தப் பகுதியை வெட்டி ஒட்டியபின் ஒரு தடவைகூட முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஹால் நிறைந்திருந்தது. திரையாக வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்கள். சங்கு ஊதிச் சப்பரம் எழுந்தபோது கை தட்டினார்கள். தங்கள் முகம் வந்தபோதெல்லாம் கூவினார்கள். அப்பா கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வீடியோ எடுத்தது யார் என்று தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு பேண்டு வந்தது. திரையில் குச்சி டிரம்மில் விழுந்தது, சத்தம் வரவில்லை. கை மேலே போனபின் சத்தம் வந்தது. படம் என் கேமராவுக்குத் தாவியதும் சரியானது. மறுபடி கோயில் கேமரா வந்தது. சப்பரம் திடுக்கென்று இரண்டடி முன்னால் குதித்தது. திரும்பத் தாவியபோது இரண்டடி பின்னால் போய், ஏறிய படியிலேயே மறுபடி ஏறியது.

பின்னால் இருந்த இளவட்டங்களில் ஒருத்தன் ஆரம்பித்தான். "ஏலே, டிரம்முக்காரன் அடிச்சிட்டு வீட்டுக்கே போயிட்டான், சத்தம் இப்பத்தாம்லே வருது!"

"மாதாவுக்கு மனசு வரல. ஏறுறாக, எறங்குறாக!"

"உபதேசியார் வாயப் பாருங்கலே, பாட்டு முடிஞ்சிருச்சு, பாட்டு இன்னும் ஓடுது!"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார்கூடத் தன் வாயைப் பார்த்துச் சிரித்தார். கேலியில் விஷம் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் படம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. படத்தை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தேன்.

"கோயில் பக்கத்துல இருந்த கேமராவுல யாரோ கை வச்சிட்டாங்க. அதான் இப்படி. எல்லாத்தையும் நானே பாக்க முடியாதுல்ல. வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் அங்க நின்னுருந்தா இது ஆயிருக்காது."

அங்கே நின்றது யார் என்று எல்லாருக்கும் தெரியும். 'யாரோ' என்றபோதே தலைகள் பின்பக்கம் திரும்பின. அப்பா எழுந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன மாமா, தோளையும் விட்டு, கேமராவையும் கெடுத்தீராக்கும்" என்றது ஒரு குரல்.

அதைச் சொன்ன நேரத்தில் நான் அதை நம்பினேனா? இத்தனை மாதமாக இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கோயில் கேமராவில் பதிவானது இடையில் அறுபடாத ஒரே துண்டு. அதை என் கையால்தான் சாஃப்ட்வேரில் இழுத்து வைத்தேன். கை பட்டால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பது எனக்குத் தெரிந்த தொழில். ஒரு நொடி நிதானித்திருந்தால் அதைச் சொல்ல எனக்கு வாயே வந்திருக்காது. நிதானிக்க வேண்டாம் என்று நினைத்த ஏதோ ஒன்று எனக்குள் இருந்தது.

கஞ்சிக்கோட்டுக்குத் திரும்பி, அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி திறந்தேன். முதலாளி டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, படம் முந்தி ஓடுது?"

"அப்பா கேமராவத் தொட்டுட்டாருங்க சார்."

"தொட்டா படம் ஆடுமுங்க. இல்லாட்டி நின்னு போகும். இது ஆடவும் இல்ல, நிக்கவும் இல்ல. நேரம் எப்பிடி நவுரும்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோயில் கேமராவில் பதிவானதை மட்டும் முதலிலிருந்து பார்த்தேன். அப்பா படத்தில் இல்லை. சத்தத்தில் இருந்தார். ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றதால் அவர் மூச்சு கேட்டது. யாரோ ஒரு பெண் கேட்டாள்.

"என்ன மாமா, சப்பரத்த விட்டுட்டு இங்கன நிக்கீக?"

"எம்மக படம் புடிக்கா. நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. பாப்பா திட்டும்."

படத்தின் ஓரத்தில், தூரத்தில், ஃபேக்டரி முற்றம் சிறியதாகத் தெரிந்தது. வெள்ளைப் புள்ளிகளாக எட்டுப் பேர். பார்த்துக்கொண்டே இருந்தேன். சப்பரம் எழுந்தது. தோளுக்கு ஏறியது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சங்கு கேட்டது.

சங்குக்குத்தான் சப்பரம் எழும். சங்குக்கு முன்னால் எழாது. படத்தில் முன்னால் எழுந்திருந்தது. கீழே ஊதிய சத்தம் பள்ளத்தைத் தாண்டி மேலே கோயிலுக்கு வர இரண்டு விநாடி எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல், மேலே கேட்ட சங்கையும் கீழே கேட்ட சங்கையும் ஒரே கணம் என்று நேராக வைத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், ஒளியைவிட ஒலி மெதுவாக வரும் என்பதற்கு யாராவது சொந்தமாக ஒரு உதாரணம் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் எழுந்து, எங்கள் லயனிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவின் ஓடைக் கல்லில் துணி துவைப்பது தெரியும், துணி கல்லில் விழுந்து கை மேலே போனபிறகுதான் சத்தம் வந்து சேரும் என்று சொன்னேன். டீச்சர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்துப் படம் வரையச் சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அதை லயன் முழுக்கச் சொன்னார். பல வருடம் சொன்னார். "ஓடைல துணி துவைக்கிறதப் பாத்து எம்மக டீச்சருக்கே பாடம் சொல்லிட்டா."

அதே பள்ளம். அதே ஓடை. படித்த நான் மறந்துபோய், படிக்காத அவர் மேல் போட்டேன்.

பிறகு என் கேமராவில் பதிவானதில் அப்பாவைத் தேடினேன். சப்பரம் படிக்கட்டுக்கு வரும் இடத்தில் இருந்தார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி நின்றுகொண்டிருந்தார். யாரோ நேர்ச்சைப் பொங்கல் நீட்டினார்கள். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மாதா நேராக வந்ததும் எல்லாரும் நெற்றியில் சிலுவை போட்டார்கள். அப்பா கையை அவிழ்க்கவில்லை. முதலில் ஸ்டாண்டை விட்டு இரண்டு எட்டு தள்ளிப் போனார். அங்கே நின்று சிலுவை போட்டுவிட்டு, மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தார்.

கோயில் கேமராவின் கோட்டை இரண்டு விநாடி பின்னால் தள்ளினேன். ஒரே இழுப்பு. எல்லாம் பொருந்திவிட்டது. குச்சியும் சத்தமும் ஒன்றாக விழுந்தன.

சரியான வீடியோவை பென் டிரைவில் போட்டு ஃபாதருக்குக் கொடுத்தனுப்பினேன். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அடுத்த வாரம் அம்மா போனில் சொன்னாள்: "புதுப் படம் போட்டாக. எல்லாரும் உன்னயத்தான் பேசுறாக. அப்பன் கெடுத்தத மக சரி பண்ணிட்டான்னு." நான் "ம்" என்றேன். இந்தக் கதையில் நான் அதிகமாக வெட்கப்படுவது மைக்கில் சொன்னதற்கு இல்லை. அது கோபத்தில் வந்தது. அந்த "ம்" நிதானமாக வந்தது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனேன், சொல்லவில்லை. அப்பாவும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் ஒன்று மாறியிருந்தது. சார்ஜரில் இருக்கும் என் போனை முன்பெல்லாம் அவரே எடுத்து வந்து கொடுப்பார். இப்போது அது மணியடித்தால், "பாப்பா, போனு" என்று தூரத்தில் நின்று கூப்பிட்டார்.

ஈஸ்டருக்குப் போனபோது வாசலில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கத்தி தீட்டிவிட்டுக் கையைக் கழுவி, துடைத்து, கொஞ்சம் தள்ளி வந்து நின்றார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். கோவப்படாத."

"கேளுங்கப்பா."

"அன்னைக்கு என் கை எந்த எடத்துல பட்டுச்சு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். கூட்டம் நெருக்குச்சு, ஒரு தரம் முட்டி லேசா அந்தக் காலுல உரசுச்சோன்னு இருக்கு. அதாலயா?"

ஆறு மாதமாக அவர் தன் முட்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"படலப்பா" என்றேன். "உங்க கை படவே இல்ல. முட்டியும் படல. தப்பு என்னோடது."

சங்கையும் சத்தத்தையும் சொன்னேன். ஓடைக் கல்லைச் சொன்னேன். எப்போது தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். சொல்லும்போது திரையைத்தான் பார்த்தேன்.

"அப்ப நான் தொடல."

"தொடலப்பா."

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏட்டி! கேட்டியா? நான் தொடலையாம்!"

அம்மா கையில் கரண்டியோடு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "இத எப்பவே கண்டுபுடிச்ச?"

"அந்த வாரமே."

"அந்த வாரமேவா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "கொழுந்துக் காட்டுல தெனம் தெனம் ஒருத்தி இல்லாட்டி ஒருத்தி என்னயக் கேப்பா, ஒம் புருசன் கேமராவ என்னதான் பண்ணுனாருன்னு. நானும் சேந்து சிரிச்சேம்ட்டி. நானும் சேந்து இந்த மனுசனத்தான் ஏசுனேன்." உள்ளே போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் வெகு நேரம் கேட்டது. அப்பா மட்டும் திரும்பத் திரும்பத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார். என் மேல் கோபப்படுவது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

இந்த வருடக் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிவில் உபதேசியார் தோள் கொடுக்கும் எட்டுப் பேரின் பெயரை வாசித்தார். முன்தண்டு வலது பக்கம் என்று கீழ் லயன் அண்ணனின் பெயர் வந்தது. வாசித்து முடித்ததும் வழக்கம்போல, "யாருக்கும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். வழக்கமாக யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"போன வருசம் வீடியோவுல எங்க அப்பா கை படல. கேமராவச் சேத்ததுல நான் செஞ்ச தப்பு அது. சங்குச் சத்தம் மேல வர ரெண்டு விநாடி ஆகும். நான் அத விட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சதும் அப்பா மேல போட்டேன். பொறகு தெரிஞ்சும் சொல்லல. தோளு கெடச்சா அவருக்கே குடுங்க."

எனக்குப் பின்னால் ஒரு அத்தை, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "படிச்ச பிள்ள பண்ணுற காரியமா இது?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொன்னது நல்லது தாயி. அவுக மேல இருந்த பேச்சு போச்சு. ஆனா வீடியோ சங்கதி வேற, தோள் சங்கதி வேற. கேமரா கெட்டதுக்காக அவுக தோளு போகல. அன்னைக்கு நிக்காததால போச்சு."

அவர் சொன்னது சரி. நான் கெடுத்தது ஒன்று, ஒப்புக்கொண்டது இன்னொன்று. கீழ் லயன் அண்ணன் எழுந்து, "மாமா வேணும்னா..." என்று ஆரம்பித்தார். அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து கையசைத்து அவரை உட்கார வைத்தார். "நீ நல்லாத்தானப்பா தூக்குன. நான் பாத்தேன்ல."

கோயிலை விட்டு இறங்கி வரும்போது அப்பா என் பக்கத்தில் வந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பயமும் இருந்தது.

"எல்லார் முன்னாடியும் தப்புப் பண்ணுனேன்னு சொல்லிட்டியே. உன் வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராதுப்பா."

"ஃபாதரு, மொதலாளிகிட்ட எதுவும் சொல்லிற மாட்டாரே?"

"மாட்டாருப்பா."

அதன்பிறகு வீடு வரைக்கும் நிம்மதியாக நடந்தார்.

இந்த வருடத் திருவிழாவையும் நானே எடுத்தேன். மூன்று கேமராவையும் முதலில் ஃபேக்டரி முற்றத்தில் ஒன்றாக ஓடவிட்டு, நடுவில் நின்று கை தட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அப்படியே மேலே எடுத்துப் போனேன். இந்தத் தடவை ஸ்டூடியோவிலிருந்து ஒரு கேமராமேனும் வந்திருந்தார். அப்பாவை எதற்கும் கேட்கவில்லை.

சப்பரம் பாதையில் நிற்கும் இடங்களில் தண்டைத் தாங்கக் கவைக் கம்பு ஊன்றுவார்கள். அதை எடுத்துக்கொண்டு கூடவே நடக்க நாலு பேர் வேண்டும். தோள் இல்லாதவர்கள் செய்யும் வேலை. அப்பா அதில் ஒருவராகப் போனார். முன்தண்டின் வலது பக்கத்திலேயே நடந்தார். சப்பரம் நின்றபோதெல்லாம் கீழ் லயன் அண்ணனின் தோளுக்குக் கீழே கம்பை ஊன்றினார்.

எடிட் செய்தபோது சிங்க் சரியா என்று பார்க்க அந்தக் கம்பைத்தான் எடுத்துக்கொண்டேன். கோயில் படிக்கட்டின் கீழ் கல்லில் கம்பு விழும் இடம். இரண்டு கேமராவிலும் மாறி மாறி ஓட்டினேன். கம்பு கல்லைத் தொடும்போதே சத்தம் வந்தது. கடைசி வரைக்கும் இரண்டு தடவை முழுதாகப் பார்த்தேன். ஆனாலும் பழைய வீடியோ இன்னும் லயன்களில் பல பேர் போனில் இருக்கிறது. சிரிப்பு வேண்டும்போது அதைத்தான் போடுகிறார்கள். அதை யாரிடமிருந்தும் என்னால் வாங்க முடியாது.

புதியதைக் கோயிலில் காட்டுவதற்கு முன்னால் வீட்டில் லேப்டாப்பில் போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா நின்றுகொண்டே பார்த்தார். பேண்டு வந்தபோது குனிந்து உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்குப்பா. உங்களுக்குப் புடிச்ச எடத்தத் திரும்பப் பாக்கலாம். இந்தா, இந்தப் பட்டனத் தொடுங்க, பின்னால போகும்."

"வேண்டாம் பாப்பா. நல்லாத்தான் ஓடிட்டு இருக்கு."

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். எங்கள் சொந்த வீட்டுக்குள், ஒரு லேப்டாப்பின் முன்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். படம் முடியும்வரை அவிழ்க்கவில்லை.